எங்கள் அருவியை ஒட்டிய கத்தரி

1992இல் மணிரத்னத்தின் ‘ரோஜா’ வந்தபோது பென்னாகரம் பக்கத்து ஆட்களுக்குக் கதை இரண்டாம் பட்சம்தான். ‘சின்னச் சின்ன ஆசை’ பாட்டில் ஒகேனக்கல் தெரிந்ததும் கொட்டகையில் விசில் பறந்தது. சினி ஃபால்ஸ் என்றே ஓர் அருவிக்குப் பெயர் வைத்திருக்கும் ஊராயிற்றே! எனக்கு மட்டும் ஓர் உறுத்தல். பாறை பாறையாகத் தெரிந்த இடத்தில் நடுநடுவே வேறேதோ தண்ணீர் விழுகிறது. பாபநாசம் மலைமேல் இருக்கும் பாணதீர்த்தம் அது. காவிரி எங்கே, தாமிரபரணி எங்கே!

இந்த ஒட்டு வேலையை 1920 வாக்கிலேயே ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்து பார்த்திருக்கிறார். அவருடைய நடிகர்கள் மாஸ்கோவில் நடப்பார்கள். அடுத்த துண்டில் வாஷிங்டன் வெள்ளை மாளிகை. பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே ஊர். சினிமாவின் உயிர் எடிட்டிங்கில் என்ற கட்சி இப்படி வளர்ந்தது. 1925இல் ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ எடுத்து அதை உலகறியச் செய்தார் இன்னொரு ரஷ்ய இயக்குநர் ஐசன்ஸ்டைன். ‘ரோஜா’வின் காஷ்மீரும் இதே ஒட்டு வேலைதான்; மணாலி போன்ற மலையூர்களில் எடுத்தது.

பிரான்சின் விமர்சகர் ஆந்த்ரே பஸான் எதிர்க்கட்சி. அதிகம் வெட்டாதே, பார்ப்பவன் தானே தேடிக்கொள்ளட்டும் என்றார். என் ஓட்டு அவருக்கே. ஒகேனக்கல்லில் பரிசல் சுழல்வதைத் துண்டு துண்டாகக் காட்டினால் வயிற்றைப் பிசையும் அந்தப் பயம் வராது.

1975இல் பிரிட்டிஷ் விமர்சகர் லாரா மல்வி வேறொன்று கேட்டார்: காமிரா யாருடைய கண்? ஹாலிவுட் படங்களில் ஆண் பார்க்கிறான், பெண் பார்க்கப்படுகிறாள் என்றார். ‘சின்னச் சின்ன ஆசை’யில் நாயகி ரோஜா தன் ஆசையைத்தான் பாடுகிறாள். நாயகன் இன்னும் வரவேயில்லை. ஆனாலும் அருவியில் அவள் ஆடுவதை ரசிப்பது யார்?

நம் பக்கத்து ஆய்வாளர்கள் பார்வையைக் கொட்டகைப் பக்கம் திருப்பினார்கள். எல்லாத் தமிழரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகை. யாருக்கு எந்த இடம் என்பதை டிக்கெட் காசுதான் தீர்மானித்தது என்று 1981இல் எழுதினார் ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி. வெளியே டீக்கடையில் சாதி பார்த்துத் தனி டம்ளர் வைத்திருந்த காலத்தில், டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து படம் பார்த்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. திரைக்குள் யாருக்கு இடம் என்ற கேள்வியும் வந்தது: 1994இல் ஆய்வாளர் தேஜஸ்வினி நிரஞ்சனா ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில், ‘ரோஜா’ கொண்டாடும் தேசம் யாருடையது என்று கேட்டார். பெரிய விவாதமே நடந்தது. மணிரத்னம் ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும், கேட்க வேண்டிய கேள்விதான் அது.

இதையெல்லாம் ஆங்கிலத்தில் படிக்கத் தயங்குகிறவர்கள் திரைப்பட வரலாற்றாசிரியர் தியடோர் பாஸ்கரனின் ‘எம் தமிழர் செய்த படம்’ நூலிலிருந்து தொடங்கலாம்.