உங்களுக்குத் தெரியுமா? வார்டன் இல்லாத மறுவாழ்வு வீடு

மறுவாழ்வு மையத்தில் குடியை விட்டுவிட்டுப் பையோடு வாசலுக்கு வருகிறாரே ஒருவர், அவர் அன்று ராத்திரி எங்கே போய்ப் படுப்பார்? சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியரான லெனார்ட் ஜேசன் பல ஆண்டுகள் இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்தது 1975-ல்.

*

அதே 1975-ல், அவர் பின்னாளில் ஆராயப்போகும் வீடு மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங் ஊரில் பிறந்தது. குடிநோயிலிருந்து மீண்டவர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியை மூடப்போகிறோம் என்று அறிவித்தார்கள். போக்கிடம் இல்லாத அவர்கள் அதே வீட்டைத் தாங்களே வாடகைக்குப் பேசி எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் பால் மல்லாய். அமெரிக்க செனட் குழு ஒன்றின் வழக்கறிஞராக இருந்தவரை அந்த விடுதிக்குக் கொண்டுவந்து சேர்த்தது குடி. வீட்டுக்கு ஆக்ஸ்போர்டு ஹவுஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. குடிநோயாளிகளின் சங்கமான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸுக்கு முன்னோடியாக இருந்த ஆக்ஸ்போர்டு குழு என்ற ஆன்மிக இயக்கத்தின் நினைவாக வந்தது அது.

*

அந்த வீட்டிலும் அதே வழியில் பின்னர் வந்த வீடுகளிலும் வார்டன் கிடையாது, டாக்டர் கிடையாது, சம்பளத்துக்கு ஒரு ஆள்கூடக் கிடையாது. வாடகையை எல்லோரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். புதியவர் ஒருவரைச் சேர்க்க, இருப்பவர்களில் 80 சதவீதம் பேர் ஓட்டுப் போட வேண்டும். ஒழுங்காக இருக்கும்வரை எத்தனை மாதம் வேண்டுமானாலும் தங்கலாம். மறுபடி குடித்தாலோ போதை மருந்தைத் தொட்டாலோ அப்போதே வெளியேற வேண்டியதுதான்.

வாரம் ஒருமுறை கூட்டம். யார் வாடகை தந்தார், யார் பாக்கி, கரண்ட் பில் எவ்வளவு, சமையலறையைச் சுத்தம் செய்யும் முறை யாருடையது என்று எல்லாம் பேசியாக வேண்டும். பொருளாளர் செக் புத்தகத்தை வைத்துக்கொண்டு கணக்குச் சொல்வார். சில மாதங்களுக்கு முன்புவரை சொந்த வீட்டில்கூட யாரும் நம்பிப் பணம் கொடுக்காத ஒருவர் கையில் இன்று ஒரு வீட்டுச் செலவு முழுவதும் இருக்கிறது. ஆறு மாதத்தில் அந்தப் பொறுப்பு இன்னொருவருக்குப் போகும். இந்த ஏற்பாட்டில் பாதி மருந்து அந்தச் செக் புத்தகத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

*

ஜேசன் இந்த வீட்டைப் பற்றி அறிந்தது எந்த ஆய்விதழிலும் அல்ல, 1991-ல் டிவியில் 'சிக்ஸ்டி மினிட்ஸ்' நிகழ்ச்சியைப் பார்த்துத்தான். உடனே பால் மல்லாயைத் தொடர்புகொண்டார். அது பல ஆண்டு நட்பாகவும் கூட்டு வேலையாகவும் வளர்ந்தது.

*

சும்மா டிவி பார்த்துக் கிளம்பியவர் அல்ல அவர். ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், பள்ளிக் குழந்தைகளின் மனச்சிக்கலை முளையிலேயே கவனிக்கும் திட்டத்தை உருவாக்கிய எமரி கவனிடம் படித்து முனைவர் பட்டம் வாங்கியவர். அப்போது சமுதாய உளவியல் (community psychology) என்ற துறைக்கே பத்து வயதுதான். 1965-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சுவாம்ப்ஸ்காட் ஊரில் நடந்த மாநாட்டில் பிறந்தது அது. நோயாளி நம் அறைக்கு வரட்டும் என்று காத்திருக்காமல் அவர் வாழும் தெருவுக்குப் போவோம் என்பது அந்தத் துறையின் எண்ணம்.

*

அந்த எண்ணத்தோடு ஜேசன் இறங்கிய ஓர் இடம், இல்லினாய் மாநிலத்தில் உட்ரிட்ஜ் என்றொரு சின்ன ஊர். 18 வயது ஆகாத பிள்ளைகளைக் கடைகளுக்கு அனுப்பிச் சிகரெட் கேட்கச் சொன்னபோது, பத்தில் ஏழு கடைகள் கொடுத்துவிட்டன. 1989-ல் ஊர் நிர்வாகம் உரிமம், அபராதம், திடீர் சோதனை என்று இறங்கியது. போலீஸ் அதிகாரி புரூஸ் டால்பட் முன்னே நிற்க, ஜேசனின் குழு கணக்கெடுத்தது. ஒன்றரை ஆண்டில் 70 சதவீதம் 5 சதவீதத்துக்கும் கீழே வந்தது. மாணவர்களிடையே புகைபிடிப்பதும் பாதிக்கு மேல் குறைந்தது. சட்டம் ஏற்கெனவே ஏட்டில் இருந்தது. அதை அமல்படுத்த ஆள் வந்ததுதான் புதிது.

*

1990-ஐ ஒட்டி ஜேசனே தீராத கடும் களைப்பு நோயில் (chronic fatigue syndrome) விழுந்தார். மீண்டபின் சிகாகோவில் 28,000-க்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்து, அந்த நோய் அதுவரை நினைத்ததைவிடப் பல மடங்கு பரவலானது என்று காட்டியதும் அவர் குழுதான்.

*

இனி ஆக்ஸ்போர்டு ஹவுஸ் பற்றி ஜேசன் குழு செய்த பெரிய ஆய்வு. சிகிச்சை முடிந்து டிஸ்சார்ஜ் ஆன 150 பேர். குலுக்கல் முறையில் 75 பேர் ஆக்ஸ்போர்டு ஹவுஸ் வீடுகளுக்கு, மற்ற 75 பேர் வழக்கமான தொடர்கவனிப்புக்கு. இரண்டு ஆண்டு விடாமல் பின்தொடர்ந்தார்கள். முடிவில் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 64.8 சதவீதம் பேர் மறுபடி குடியிலோ போதையிலோ இருந்தார்கள். வீட்டுக்குப் போனவர்களில் அது 31.3 சதவீதம். மாதச் சம்பாத்தியம் 440 டாலருக்கு எதிராக 989 டாலர். சிறையில் இருந்தவர்கள் 9 சதவீதத்துக்கு எதிராக 3 சதவீதம். ஆறு மாதமாவது தங்கியவர்களின் நிலை இன்னும் மேல். 2006-ல் இது வெளியானது.

இந்த எண்களைவிட என்னைத் தொட்டது ஒன்று உண்டு. ஜேசனின் ஆராய்ச்சிக் குழுவில், அந்த வீடுகளில் வாழ்ந்து மீண்டவர்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். ராத்திரி பதினோரு மணிக்குக் கை நடுங்குவது எப்படியிருக்கும் என்று தெரிந்தவர் கேள்வி கேட்டால் வரும் பதிலே வேறு.

*

"எங்கள் தெருவில் வேண்டாம்" என்ற குரல் அங்கேயும் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் எட்மண்ட்ஸ் நகரம், உறவுமுறை இல்லாத ஐந்து பேருக்கு மேல் ஒரே வீட்டில் ஒரு குடும்பமாக வாழக்கூடாது என்ற விதியைக் காட்டி அங்கிருந்த ஆக்ஸ்போர்டு ஹவுஸ் மீது வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் 1995-ல் 6-3 என்ற கணக்கில் வீட்டின் பக்கம் நின்றது. பின்னர் ஜேசன் குழு அக்கம்பக்கத்தாரைக் கேட்டுப் பார்த்தபோது, பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் ஒரு தெரு தள்ளி இருப்பவர்களைவிட நல்லவிதமாகப் பேசினார்கள்.

*

1988-ல் வந்த மத்தியச் சட்டம் ஒன்று, இப்படி வீடு தொடங்க ஆறு பேர் சேர்ந்தால் போதும், 4,000 டாலர் வரை கடன் உண்டு என்றது. இன்று அமெரிக்காவில் இந்த வீடுகள் 3,000-க்கும் மேல். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, குழந்தையோடு வரும் தாய்மார்களுக்கும் உண்டு. கடனை இரண்டு ஆண்டுக்குள் அடைக்க வேண்டும். அப்படித் திரும்பிவரும் பணம், வாடகை முன்பணத்துக்கு வழியில்லாமல் நிற்கும் அடுத்த ஆறு பேருக்குப் போகிறது.