கேஸ்கெட் மாற்றியும் புகை கசிகிறதா? குற்றவாளி வேறு யாரோ!

காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் பானட்டுக்குள் ‘டிக்... டிக்...’ சத்தம். ஐந்து நிமிடம் ஓடியதும் அது அடங்கிவிடுகிறது. ‘எக்ஸாஸ்ட் கேஸ்கெட் போயிடுச்சு சார்’ என்று மாற்றித் தருகிறார் மெக்கானிக். மூன்றே மாதத்தில் மறுபடியும் அதே சத்தம். டர்போ கார் வைத்திருக்கும் பலருக்கு இது பழகிய கதை.

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் வட்டாரத்தில் டர்போ புதிய சொல் அல்ல. இருங்காட்டுக்கோட்டையில் 2019-ல் அறிமுகமான ஹூண்டாய் வென்யூவும், ஒரகடத்தில் 2020-ல் வந்த நிஸான் மேக்னைட்டும் 1 லிட்டர் டர்போ என்ஜினோடு தயாரானவை. ஆனால், எந்த நிறுவனத்தின் டர்போ காராக இருந்தாலும் கேஸ்கெட்டின் கதை ஒன்றுதான்.

கேஸ்கெட் என்ன செய்கிறது?

என்ஜினிலிருந்து வரும் புகைதான் டர்போவைச் சுழற்றுகிறது. நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுகளுக்கும் மேல்! பெட்ரோல் என்ஜினில் அந்தப் புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸையும் தொடும். இந்தப் புகை வெளியேறாமல் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே அணை கட்டுவதுதான் கேஸ்கெட்.

சூடானால் இரும்பு நீளும். 40 செ.மீ நீள வார்ப்பிரும்பு 700 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 3 மி.மீ நீளும். ஆறினால் சுருங்கும். தினமும் இந்த இழுபறி நடப்பதால் மேனிஃபோல்டு மெல்ல வளைகிறது. வளைந்த பரப்பில் எவ்வளவு நல்ல கேஸ்கெட் போட்டாலும் நிற்காது. காலையில் கேட்கும் சத்தம் பிறகு அடங்குவதும் இதனால்தான். உலோகம் விரிந்து இடைவெளியை மூடிக்கொள்கிறது.

எங்கே தேடுவது?

* கசியும் இடத்தில் கரி படிந்திருக்கும். அந்தக் கறுப்புக் கோடுதான் முதல் சாட்சி.

* என்ஜின் ஆறிய நிலையில் சைலன்சர் வழியாகக் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்தால், கசியும் இடத்தில் நுரை பொங்கும்.

* மேனிஃபோல்டைக் கழற்றியதும் நேர்ச்சட்டமும் ஃபில்லர் கேஜும் வைத்து வளைவை அளக்க வேண்டும். அளவு மீறினால் பரப்பைச் சமப்படுத்த வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

* உடைந்த ஸ்டட், மேனிஃபோல்டு விரிசல், தளர்ந்த என்ஜின் மவுன்ட், டர்போவைத் தாங்கும் பிராக்கெட் உடைந்திருப்பது, அடைத்துக்கொண்ட கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். வேகத்தடையில் அடிபட்டு இடம் மாறிய சைலன்சர் குழாயும் கேஸ்கெட்டை இழுத்துக்கொண்டே இருக்கும்.

இறுக்குவதிலும் கணக்கு உண்டு

கார் ஆலையில் ஒவ்வொரு நட்டுக்கும் இவ்வளவு டார்க் என்று அளவு உண்டு. வெளியே பல இடங்களில் கைப்பழக்கமே அளவுகோல். பொதுவாக நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, பல சுற்றுகளாக டார்க் ரெஞ்சால் இறுக்குவதே முறை. துல்லியமான வரிசையும் அளவும் அந்தந்த காரின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பழைய கேஸ்கெட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

அலட்சியம் ஆபத்து

டர்போவுக்கு முன்னால் கசிந்தால் இழுவை குறையும். கசிவு வழியே நுழையும் காற்றால் ஆக்ஸிஜன் சென்சார் ஏமாந்துபோய், எரிபொருள் வீணாகலாம். அதைவிடப் பெரிது, உயிர் சம்பந்தப்பட்டது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காருக்குள் புகை வாடை வந்தாலோ, பயணத்தில் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் தலைவலி, குமட்டல், மயக்கம் வந்தாலோ உடனே காரை ஓரங்கட்டி இறங்கிவிடுங்கள்; மருத்துவரைப் பாருங்கள். குழந்தைகள் பின் சீட்டில் தூங்கினால் இன்னும் கூடுதல் கவனம் தேவை.

அடுத்த முறை ‘கேஸ்கெட் போயிடுச்சு’ என்று மெக்கானிக் சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ஏன் போச்சு?’ அதற்குப் பதில் கிடைத்த பிறகு புது கேஸ்கெட் வாங்கலாம்.