ஒரு புள்ளியும் ஒரு சான்றும்

விளையாட்டினால் விளையும் பயன் யாது என்னும் வினாவுக்கு விடை கூறுவோர், உடல்வலிமை, மனவுறுதி, கூட்டுணர்வு என்பவற்றை முதற்கண் எண்ணுவர். விதிக்கு அமைந்து ஒழுகும் பண்பினை அவற்றின் பின் வைப்பர். ஆயின், விதிக்கு அமைந்து ஒழுகுதல் வேறு. விதி தன் பகைவனைத் தண்டிக்க முற்படும்போது, அத்தண்டனை பொருந்தாதென்று தானே முன்வந்து எடுத்துரைத்தல் வேறு. முன்னது பலர்க்கும் இயலும். பின்னது மிக அரிது. அவ்வரிய செயலுக்கு ஓர் எடுத்துக்காட்டாக, 1958ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 24ஆந் திகதி போர்த்துக்கல் நாட்டிலே நடைபெற்ற ஒரு மோட்டார்ப் பந்தயம் விளங்குகின்றது.

சில்லுகள் மூடப்படாது வெளியே தோன்ற, ஓட்டுநர் ஒருவர்க்கு மட்டுமே இடமுள்ளதாய் அமைக்கப்பட்ட பந்தய வண்டிகளுக்கான உலகச் சம்பியன் போட்டி 1950ஆம் ஆண்டில் தொடங்கியது. பட்டம் ஒரே பந்தயத்தினால் தீர்மானிக்கப்படுவதன்று. ஓர் ஆண்டிற் பல நாடுகளில் நிகழும் பந்தயங்களிற் பெறும் புள்ளிகளால் தீர்மானிக்கப்படுவது. 1958இல் முதலாம் இடத்துக்கு 8, இரண்டாம் இடத்துக்கு 6, மூன்றாம் இடத்துக்கு 4, நான்காம் இடத்துக்கு 3, ஐந்தாம் இடத்துக்கு 2 எனப் புள்ளிகள் வழங்கப்பட்டன. இவற்றோடு, ஒரு பந்தயத்தில் மிகக் குறைந்த நேரத்தில் ஒரு சுற்றினை ஓடி முடித்தவருக்கு மேலும் ஒரு புள்ளி உண்டு. அவ்வாண்டின் பந்தயங்கள் பதினொன்று. அவற்றுள் ஒருவர் பெற்ற சிறந்த ஆறு பெறுபேறுகள் மாத்திரமே கணக்கில் எடுக்கப்படும். பின்வரும் நிகழ்ச்சியின் பொருளை உணர்தற்கு இக்கணக்கு இன்றியமையாதது.

ஐந்து முறை பட்டம் வென்ற ஆர்ஜென்ரீன வீரர் பன்ஜியோ, 1958 யூலை மாதத்தில் நிகழ்ந்த பிரெஞ்சுப் பந்தயத்தோடு ஓய்வு பெற்றார். அவர் விட்ட இடத்துக்கு உரியவர் யாவர் என்னும் போட்டி ஆங்கிலேயர் இருவர்க்கிடையே எழுந்தது. ஒருவர் ஸ்ரேர்லிங் மொஸ். மற்றவர் மைக் ஹோதோர்ண். இருவரும் 1929ஆம் ஆண்டிற் பிறந்தவர்கள். மொஸ், தாங்கி உற்பத்தித் தொழிலதிபராகிய ரொனி வன்டர்வெல் என்பார் இங்கிலாந்தில் உருவாக்கிய வன்வோல் வண்டியை ஓட்டினார். ஹோதோர்ண் இத்தாலியின் பெராரி வண்டியை ஓட்டினார். அதுகாறும் பிரித்தானியர் எவரும் இப்பட்டத்தைப் பெற்றிலர். மொஸ் 1955, 1956, 1957 ஆகிய மூன்றாண்டுகளிலும் பன்ஜியோவுக்கு அடுத்த இரண்டாம் இடத்திலேயே நின்றவர். ஆகவே, அவர்க்கு இஃது எத்துணைப் பெரிய வாய்ப்பு என்பது சொல்லாமலே விளங்கும்.

ஹோதோர்ணுக்கோ அவ்வாண்டு துயர் நிறைந்த ஆண்டாயிற்று. அவரோடு பெராரி அணியில் ஓடிய லூயிஜி முஸோ பிரெஞ்சுப் பந்தயத்தில் உயிரிழந்தார். ஆகஸ்டு 3ஆந் திகதி ஜேர்மனியில் நூர்பேர்க்றிங் ஓடுபாதையில், ஹோதோர்ணின் உற்ற நண்பராகிய பீற்றர் கொலின்ஸ் உயிர் துறந்தார். அதற்கு மூன்று கிழமைகளின் பின்னரே போர்த்துக்கற் பந்தயம் வந்தது. அப்பொழுது ஹோதோர்ணுக்கு 30 புள்ளிகளும் மொஸ்ஸுக்கு 24 புள்ளிகளும் இருந்தன.

பந்தயம் ஒப்போர்ட்டோ நகரின் பொவாவிஸ்ரா வீதிகளில் நடைபெற்றது. ஒரு சுற்று ஏறக்குறைய 7.4 கிலோமீற்றர், மொத்தம் 50 சுற்றுகள். கல் பாவிய தெருக்களும், திராம் வண்டிகளின் தண்டவாளங்களும், வீதியோரத்து விளக்குக் கம்பங்களும் மரங்களும் சேர்ந்தது அந்த ஓடுபாதை. தவறு செய்தவனுக்கு அங்கே இரக்கம் காட்டுவார் இல்லை. முதற் சுற்றில் மொஸ் முந்தினார். இரண்டாஞ் சுற்றில் ஹோதோர்ண் அவரைக் கடந்தார். எட்டாஞ் சுற்றில் மொஸ் மீண்டும் முதலிடத்தைக் கைப்பற்றி, இறுதிவரை அதனை விடாது காத்தார்.

அன்று மொஸ்ஸுக்கு இரு இழப்புகள் நேர்ந்தன. முதலாவது இழப்பு ஓர் எழுத்தினால் வந்தது. அக்காலத்தில் பந்தயம் ஓடும்போது ஓட்டுநருக்குச் செய்தி தெரிவிக்கும் வழி, பாதையோரத்தில் அணியினர் உயர்த்திப் பிடிக்கும் பலகை ஒன்றாகவே இருந்தது. ஹோதோர்ண் மிக விரைவான சுற்றினை ஓடிச் சாதனை நிலைநாட்டினார் என்பதை உணர்த்த, அவர் பெயரின் சுருக்கத்தோடு ஆர், ஈ, சி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளைப் பலகையில் எழுதிக் காட்டினர். விரைந்து சென்ற மொஸ், ஈற்றெழுத்தாகிய சி என்பதை ஜி எனக் கொண்டார். அவ்வாறு கொண்டால், ஹோதோர்ண் மாற்றமின்றி ஒழுங்காக ஓடுகின்றார் என்பது பொருளாகும். எனவே, அந்த ஒரு புள்ளியைத் தாம் பெறுதற்கு அவர் முயலவில்லை; அது ஹோதோர்ணுக்கே உரியதாயிற்று.

இரண்டாவது இழப்பு, அவர் அறிந்தே ஏற்றுக்கொண்டது. இறுதிச் சுற்றில் ஹோதோர்ணின் வண்டி சுழன்று பாதையை விட்டு விலகியது, இயந்திரமும் நின்றுவிட்டது. அக்காலப் பந்தய வண்டியை ஓட்டுநர் தம் இருக்கையில் இருந்தவாறே மீண்டும் இயக்குதல் எளிதன்று. இறங்கித் தள்ளி, அது உருளத் தொடங்கியதும் ஏறி அமர்ந்து உயிர்ப்பித்தல் வேண்டும். ஹோதோர்ண் அவ்வாறே செய்தார். ஆயின், சரிவு நோக்கித் தள்ளியமையால் வண்டி பந்தயம் ஓடும் திசைக்கு எதிர்த்திசையில் நகர்ந்தது. பின்னர் இயந்திரம் இயங்க, அவர் பந்தயத்தைத் தொடர்ந்து, மொஸ்ஸுக்கு 5 நிமிடத்துக்கு மேலாகப் பின்தங்கியும் இரண்டாம் இடத்தைப் பெற்றார். மொஸ்ஸின் அணித்தோழர் ஸ்ருவேட் லூயிஸ்-எவன்ஸ் மூன்றாமவரானார்.

ஓடுபாதையிலே எதிர்த்திசையில் வண்டியைச் செலுத்துதல் விதிக்கு மாறானது. பின்வரும் வண்டிகளுக்கு உயிராபத்தை விளைப்பது. அக்குற்றத்துக்குத் தண்டனை பந்தயத்திலிருந்து நீக்கப்படுதலே. நடுவர் அம்முடிவையே எடுக்கும் நிலையில் இருந்தனர். அவ்வேளையில் மொஸ் அவர்கள் முன் சென்று, தாம் கண்டதைக் கூறினார்: ஹோதோர்ண் வண்டியைத் தள்ளியது ஓடுபாதையிலன்று, நடைபாதையிலேயே, ஆகவே அவர் விதியை மீறினாரல்லர். நடுவர் அச்சான்றினை ஏற்றனர். இரண்டாம் இடத்துக்குரிய 6 புள்ளிகளும் விரைவான சுற்றுக்குரிய ஒரு புள்ளியும் ஹோதோர்ணுக்கு நிலைத்தன.

அன்று ஹோதோர்ண் நீக்கப்பட்டிருப்பின், மொஸ் 32 புள்ளிகளோடு முன்னணிக்கு வந்திருப்பார். ஹோதோர்ண் 30 புள்ளிகளோடு பின்னே நின்றிருப்பார். சான்று கூறியதன் பின் நிலைமை 36க்கு 32 ஆயிற்று. மொஸ் வாய் திறவாதிருந்தாலே போதும். பொய் எதுவும் கூறவேண்டிய தேவையும் இருந்ததில்லை.

ஆண்டின் இறுதிப் பந்தயம் அக்டோபர் 19ஆந் திகதி மொறொக்கோவில் கசபிளங்கா நகரருகே நடைபெற்றது. பட்டம் பெறுதற்கு மொஸ் அதில் வெற்றி பெறுவதோடு விரைவான சுற்றினையும் ஓடுதல் வேண்டும். ஹோதோர்ண் இரண்டாம் இடத்துக்குக் கீழே முடித்தலும் வேண்டும். மொஸ் தம்மால் ஆவன அனைத்தையும் செய்து முடித்தார். ஆயின், பெராரி அணியின் பில் ஹில் வழிவிட, ஹோதோர்ண் இரண்டாமவராய் வந்தார். முடிவு ஹோதோர்ணுக்கு 42, மொஸ்ஸுக்கு 41. அவ்வாண்டில் மொஸ் வென்ற பந்தயங்கள் நான்கு. ஹோதோர்ண் வென்றது ஒன்றே. அப்பந்தயத்தில் தீக்காயமுற்ற லூயிஸ்-எவன்ஸ் ஆறு நாட்களின் பின் இறந்தார். வன்வோல் அணிக்குக் கிடைத்த முதலாவது உற்பத்தியாளர் சம்பியன் பட்டத்தின் மீதும் அத்துயரத்தின் நிழல் படிந்தது.

இக்கணக்கை மீட்டு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். போர்த்துக்கல்லில் விரைவான சுற்றின் புள்ளி மொஸ்ஸிடம் சேர்ந்திருப்பின் முடிவு 42க்கு 41 என அவர் பக்கம் சாய்ந்திருக்கும். அன்று ஹோதோர்ண் நீக்கப்பட்டிருப்பினோ, அவரது கணக்கில் அந்த 7 புள்ளிகளின் இடத்தை ஆர்ஜென்ரீனாவிற் பெற்ற 4 புள்ளிகள் நிரப்ப, அவர் 39 புள்ளிகளோடு நின்றிருப்பார். ஒரே நாளில், ஒன்று கண்ணின் பிழையாலும் மற்றொன்று நாவின் மெய்ம்மையாலும், உலகப் பட்டம் இருமுறை மொஸ்ஸின் கையை விட்டு நழுவிற்று.

இச்செயலைப் பலர் பெருந்தன்மை என்றும் தியாகம் என்றும் போற்றுவர். சற்று நுணுகி ஆராயின் அச்சொற்கள் முற்றும் பொருந்தாமை தெரியவரும். தியாகமாவது தனக்கு உரியதைப் பிறர்க்கு ஈதல். அந்த 7 புள்ளிகள் மொஸ்ஸுக்கு உரியன அல்ல. அவை ஹோதோர்ண் ஓடிப் பெற்றவை. உரியவனிடத்து உரியது சேர்தற்கு இடையூறு நேர்ந்தபோது, கண்டவன் கண்டவாறு கூறினான் என்பதே நிகழ்ந்தது. இது கொடையன்று, நீதி. கொடையைச் செய்யாதவனை உலகம் பழிப்பதில்லை. அறிந்த உண்மையை மறைத்தவனையோ அவன் நெஞ்சமே பழிக்கும். நடுவுநிலைமை நடுவர்க்கு மாத்திரம் உரிய கடமையன்று. களத்தில் நின்று போட்டியிடுவோனுக்கும் உரியதே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. தேர்வு மண்டபத்திலும் விளையாட்டுத் திடலிலும் வழக்கு மன்றத்திலும் மனிதனைச் சோதிப்பது இதுவே: உண்மை தனக்கு இழப்பைத் தரும்போதும் அது உண்மையாகவே அவனுக்குத் தோன்றுகின்றதா என்பது.

பிரித்தானியாவின் முதலாவது உலகச் சம்பியனாகிய ஹோதோர்ண் உடனே ஓய்வு பெற்றார். 1959 சனவரி 22ஆந் திகதி பொதுவீதியில் நேர்ந்த விபத்தில், தம் இருபத்தொன்பதாம் வயதில் மாண்டார். மொஸ் 1962ஆம் ஆண்டில் குட்வூட் ஓடுபாதையிற் படுகாயமடையும் வரை உயர்நிலைப் பந்தயங்களில் ஓடினார். உலகச் சம்பியன் போட்டிக்குரிய பந்தயங்கள் 66இல் ஓடிப் பதினாறில் வெற்றி பெற்றும், பட்டத்தை ஒருமுறையேனும் அவர் பெற்றிலர். 2020ஆம் ஆண்டு தொண்ணூறாம் வயதில் அவர் மறைந்தபோது, பட்டம் வென்ற பலரினும் மேலாக அவர் நினைக்கப்பட்டார். ஒப்போர்ட்டோவில் அவர் சொன்ன சில சொற்கள், அவர் பெற்ற வெற்றிகளோடு ஒருங்குவைத்து இன்றும் எண்ணப்படுகின்றன.