வாழ்வின் மாற்றங்களும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயும்



திருமணம், குடிபெயர்வு, மகப்பேறு, வேலை மாற்றம், நெருங்கியவர் மறைவு ஆகியவை எல்லாக் குடும்பங்களிலும் நிகழ்பவையே. ஆயினும் தீராத நோயுடன் வாழ்பவருக்கு இவை இரட்டைச் சுமையாகின்றன. பல ஆண்டுகளாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோயுடன் சிங்கப்பூரில் வாழ்ந்துவரும் குடும்பத்தலைவி என்ற முறையில், இத்தகைய காலங்களைக் கடக்கும் வழிகளை இங்கே எடுத்துரைக்க விழைகிறேன்.

தமிழில் இதனைத் தண்டுவட மரப்பு நோய் என்றும் கூறுவர். மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளைச் சுற்றி மயிலின் என்னும் கொழுப்புறை அமைந்துள்ளது. இது மின்கம்பியின் மேலுள்ள ரப்பர் உறையைப் போன்றது. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றலே இவ்வுறையைத் தாக்குவதால் பார்வை மங்கல், கால் மரத்துப்போதல், தள்ளாட்டம், கடுஞ்சோர்வு முதலியன உண்டாகின்றன. 1868ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ இந்நோயைத் தெளிவாக விளக்கினார். ஐரோப்பியரைக் காட்டிலும் ஆசியரிடையே இது குறைவு. ஆதலால் நம்மவரில் பலர் இதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

மன உளைச்சல் இந்நோயைத் தூண்டுகிறதா? 2004ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மோர் குழுவினர் 14 ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்து, வாழ்வின் நெருக்கடிகளுக்கும் நோய் மீண்டும் தாக்குவதற்கும் தொடர்பு உண்டு என்று கண்டனர். ஆயினும் இன்ன கவலையால்தான் இன்ன தாக்குதல் நேர்ந்தது என்று எவரும் சுட்டிக்காட்ட இயலாது என்றும் தெளிவுபடுத்தினர். ஆகவே, "நீ கவலைப்பட்டதால்தான் வந்தது" என்று நோயாளியைக் குறை கூறுவது பொருந்தாது. அதே ஆய்வாளர் 2012ஆம் ஆண்டில் 121 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், மன உளைச்சலைச் சமாளிக்கும் பயிற்சி பெற்றவர்களுக்கு மூளையில் புதிய பாதிப்புகள் குறைந்திருந்தன. ஆனால் பயிற்சி முடிந்தபின் அப்பயன் நீடிக்கவில்லை. எனவே மருந்தை நிறுத்திவிட்டு இதை மட்டும் நம்புவதும் தகாது. ஒரு மாதம் செய்துவிட்டுக் கைவிடுவதும் பயன் தராது.

எந்த மாற்றமும் தனியே வருவதில்லை என்பது என் அனுபவம். வெயில் அலைச்சல், தூக்கமின்மை, மருந்து வேளை தவறுதல் ஆகிய மூன்றும் அதனுடன் சேர்ந்தே வருகின்றன. மாற்றத்தைத் தடுக்க நம்மால் இயலாது. ஆனால் இம்மூன்றையும் அதிலிருந்து பிரித்துவிட இயலும்.

என் கணவர் மறைந்தபோது, கருமாதி முடியும்வரை வீடு நிறைய உறவினர் இருந்தனர். இரவு ஒன்பது மணிக்கு மேல் வருவோரை என் நாத்தனார் கவனித்துக்கொண்டார், நான் படுத்துவிடுவேன். மகளின் திருமணத்தை ஓராண்டுக்குள் நடத்த வேண்டும் என்று பெரியோர் விரும்பினர். அதைத் தள்ளிப்போட இயலாது என்பதால், சிராங்கூன் சாலை அருகிலிருந்து வீடு மாறுவதை ஆறு மாதம் தள்ளிவைத்தோம். முகூர்த்தத்தை விடியற்காலையில் வைத்துக்கொண்டோம். தேக்காவில் புடவையும் நகையும் வாங்குவதை ஒரே நாளில் முடிக்காமல், நான்கு காலை வேளைகளாகப் பிரித்துக்கொண்டோம். வீடு மாறியபோது, எங்கள் மாடியிலேயே மின்தூக்கி நிற்கும் புளோக்காகப் பார்த்தோம்.

வெயிலைப் பற்றித் தனியே கூற வேண்டும். உடலுழைப்புக்குப் பின் பார்வை தற்காலிகமாக மங்குவதை 1890ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊத்தோஃப் விவரித்தார்; உடல் வெப்பம் சிறிது உயர்ந்தாலும் பழைய அறிகுறிகள் தலைதூக்கும். ஆண்டு முழுவதும் வெப்பமான சிங்கப்பூரில் இதனை நினைவில் கொள்வது அவசியம். குளிர்ந்த இடத்தில் அமர்ந்ததும் அறிகுறி மறைந்தால் அஞ்ச வேண்டியதில்லை. புதிய அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் உடனே நரம்பியல் மருத்துவரை அணுக வேண்டும். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தாலும் அறிகுறிகள் கூடும் என்பதால் அதையும் சோதித்துக்கொள்வது நன்று.

மகப்பேற்றை எதிர்நோக்கும் இளம்பெண்களுக்கு ஆறுதலான செய்தி உண்டு. 1998ஆம் ஆண்டில் வெளியான ஐரோப்பிய ஆய்வின்படி, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நோயின் தாக்குதல் வெகுவாகக் குறைகிறது. ஆனால் பிரசவத்துக்குப் பிந்திய மூன்று மாதங்களில் கூடுகிறது. ஆகவே சீமந்தத்தின்போது திரளும் உறவினர், குழந்தை பிறந்தபின் இரவுகளில் உதவிக்கு வருவதே சிறந்தது. மருந்துகளைப் பற்றி, கருத்தரிக்கும் முன்னரே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

1999ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேசிய நரம்பியல் கழகம், தேக்காவிலிருந்து சிறிது தொலைவிலுள்ள டான் டொக் செங் மருத்துவமனை வளாகத்தில் இயங்குகிறது. செலவு, வேலை, வீடு பற்றிய கவலைகளை மருத்துவமனைகளிலுள்ள மருத்துவச் சமூக ஊழியரிடம் தயங்காமல் கூறலாம்.

இறுதியாக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்நோய் உள்ளவர் பல வேளைகளில் பார்வைக்கு நலமாகவே தோன்றுவார். அவர் வரிசையில் நிற்காமல் அமர்ந்தால், அதனைச் சோம்பல் என எண்ணாதீர்கள். அவர் வீட்டில் நல்லதோ கெட்டதோ நிகழும்போது, "ஏதேனும் வேண்டுமா?" என்று பொதுவாகக் கேட்பதை விட, "செவ்வாய்க்கிழமை மதியம் சமையல் என் பொறுப்பு" என்று சொல்லுங்கள். அன்று பகல் அவர் இரண்டு மணி நேரம் உறங்குவார்.

எல்லாரும் நலமுடன் வாழ இறைவனை வேண்டுகிறேன்.