ஏற்ற இறக்கத்தில் டிராக்டர்: பாரம் தள்ளும், பிடிப்புதான் காக்கும்

அறுவடைக் காலத்தில் நெல் மூட்டையும் கரும்பும் ஏற்றிய டிராக்டர்கள் வயலிலிருந்து சாலைக்கு ஏறுவதும், ஏரிக்கரை, வாய்க்கால் கரைகளிலிருந்து இறங்குவதும் அன்றாட வேலை. இத்தகைய சரிவுகளில் வண்டி சறுக்கிக் கவிழ்ந்து உயிர்ச்சேதம் ஏற்படுவது உண்டு. பிரேக் நன்றாக இருந்தும் வண்டி நிற்காமல் போவது ஏன் என்பதை விவசாயிகள் அறிந்திருப்பது அவசியம்.

சரிவு தரும் தள்ளுவிசை

சமதரையில் பாரத்தின் எடை முழுவதையும் தரையே தாங்கிக்கொள்கிறது. சரிவில் அந்த எடையின் ஒரு பகுதி வண்டியைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. 10 அடி நீளத்துக்கு 1 அடி உயரும் சரிவில், எடையில் பத்தில் ஒரு பங்கு இப்படித் தள்ளும். 4 அடிக்கு 1 அடி உயரும் சரிவில் ஏறத்தாழ கால் பங்கு தள்ளும்.

டிராக்டர் 2 டன், பாரத்துடன் நாலு சக்கர டிரெய்லர் 5 டன் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 7 டன். முதல் சரிவில் தள்ளுவிசை 700 கிலோ. இரண்டாவது சரிவில் சுமார் 1,700 கிலோ.

தடுப்பது எது?

சக்கரத்துக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வுதான் வண்டியைத் தடுத்து நிறுத்துகிறது. பிரேக் சக்கரத்தை மட்டுமே பிடிக்கும்; தரையைப் பிடிப்பது டயர். பல டிரெய்லர்களில் தனி பிரேக் கிடையாது. ஆகவே 7 டன்னையும் டிராக்டரின் பின்சக்கரங்கள் இரண்டுமே தடுத்தாக வேண்டும். அவற்றின் மேல் இறங்கும் எடையோ ஏறத்தாழ 1,300 கிலோதான்.

உலர்ந்த கெட்டித் தரையில் இந்த எடையில் பாதி அளவுக்காவது பிடிப்பு கிடைக்கும். அதாவது 650 கிலோ. ஈரக் களிமண்ணில் கால் பங்குதான், சுமார் 325 கிலோ. சக்கரங்கள் உருளும்போது தரை தரும் தடையை 200 கிலோ என்று கழித்தாலும், முதல் சரிவில் 500 கிலோ தள்ளுகிறது. உலர்ந்திருந்தால் வண்டி நிற்கும். மழை பெய்திருந்தால் சறுக்கும். இரண்டாவது சரிவிலோ உலர்ந்த தரையிலும் நிற்காது.

ஒரு சிறு சோதனை

பலகை ஒன்றின் மேல் செங்கல்லை வைத்து ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். குறிப்பிட்ட உயரத்தில் செங்கல் நகரத் தொடங்கும். அதே பலகையில் ஈரக் களிமண்ணைப் பூசிப் பாருங்கள். அதைவிடக் குறைந்த உயரத்திலேயே வழுக்கிவிடும். செங்கல்லின் எடை மாறவில்லை, பிடிப்புதான் குறைந்தது.

செய்ய வேண்டியவை

1. வயலுக்கும் சாலைக்கும் 3 அடி உயர வித்தியாசம் இருந்தால், ஏறுபாதையை 30 அடி நீளத்துக்குக் குறையாமல் அமைக்கவும். 12 அடியில் முடித்தால் மண் மிச்சம், ஆபத்து அதிகம். மேலே சரளை பரப்பி, தண்ணீர் தேங்காமல் ஓரத்தில் வடிகால் விடவும்.

2. ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்படுமோ அதே குறைந்த கியரில் இறங்கவும். சரிவு தொடங்கும் முன்பே கியரை மாற்றிவிட வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், நடுவில் கிளட்சை மிதிப்பதும் கூடவே கூடாது. எஞ்சின் தரும் தடை அதனால் போய்விடும்.

3. இரண்டு பிரேக் மிதிகளையும் கொக்கியால் இணைத்துக்கொள்ளவும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் டிராக்டர் திரும்பிவிடும். பின்னால் வரும் பாரம் அதைக் கவிழ்த்துவிடும்.

4. பிரேக்கை ஒரேயடியாக அழுத்த வேண்டாம். உருளும் சக்கரத்துக்கு உள்ள பிடிப்பு, பூட்டிக்கொண்டு சறுக்கும் சக்கரத்துக்கு இல்லை.

5. சரிவில் நிறுத்த நேர்ந்தால், பள்ளப் பக்கமாகச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்த பிறகே பாரத்தில் கை வைக்கவும். மாட்டு வண்டிக்குக் கல் வைக்கும் பழைய வழக்கம் டிரெய்லருக்கும் பொருந்தும். வண்டியின் கீழ்ப்புறம் யாரும் நிற்கக் கூடாது.

6. மழை ஈரத்தில் பாரத்தைக் குறைத்து இரண்டு நடையாக எடுக்கவும். பாதை வழுவழுப்பாக இருந்தால் காயும்வரை பொறுப்பதே நல்லது.

புதிய டிரெய்லர் வாங்குவோர் தனி பிரேக் உள்ளதையே கேட்டு வாங்கவும். அப்போது பாரம் தாங்கும் சக்கரங்களும் சேர்ந்து தரையைப் பிடிக்கும்.