மூன்று மணிக்குக் கஞ்சி

பத்து மணிக்கு ஜெபம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. ஒன்பதரைக்கே மண்டபத்து வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. 2023 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். மணிப்பூரில் மைத்தேயி, குக்கி மக்களுக்கிடையே மே 3-ஆம் தேதி மூண்ட கலவரம் அப்போதும் ஓயவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். ஏறக்குறைய 60 ஆயிரம் பேர் வீடிழந்திருந்தார்கள். குக்கி மக்களின் ஆலயங்களும் எரிந்தன, மைத்தேயி கிறிஸ்தவர்களின் ஆலயங்களும் எரிந்தன. இந்துக் கோயில்களும் தப்பவில்லை. அந்த மக்களுக்காக ஊரிலுள்ள எல்லாச் சபைகளும் சேர்ந்து ஒரு நாள் உபவாச ஜெபம் வைப்பதென்று முடிவாகியிருந்தது.

எந்தக் கோயிலில் வைப்பது என்பதில் மட்டும் கடைசிவரை ஒத்துவரவில்லை. அதனால்தான் கல்யாண மண்டபம்.

அந்தப் பகுதியை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. கடற்கரை முழுக்கக் கத்தோலிக்கர்கள். 1530-களில் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றதும், 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்திறங்கியதும் அவர்களுக்கு வீட்டுக் கதை. கரையிலிருந்து உள்ளே தேரி மணலுக்குள் நுழைந்தால் பனங்காட்டு ஊர்கள், அங்கே சி.எஸ்.ஐ. சபைகள். திருநெல்வேலிச் சீமையின் முதல் சீர்திருத்தக் கிறிஸ்தவக் குடியிருப்பான முதலூர் 1799-இல் எழுந்தது இந்த மண்ணில்தான். பஜாருக்குப் பின்னால் தகரக் கூரையோடு பெந்தெகொஸ்தே சபைகள். நடந்தே போய்விடும் தூரம். ஆனாலும் ஒருவர் கோயில் நடையை மற்றவர் மிதிப்பது கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும்தான்.

உள்ளே ஜமுக்காளத்தில் வந்தவர்கள் வந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கையில் ஜெபமாலையை மடக்கிப் பிடித்திருந்த மீனவப் பாட்டி ஒருவர். அவருக்குப் பக்கத்தில் பைபிளைத் துணி உறையில் போட்டு மடியில் வைத்திருந்த சி.எஸ்.ஐ. ஆசிரியை. அடுத்து, வெள்ளைச் சேலையில், காதிலும் கழுத்திலும் ஒன்றும் அணியாத பெந்தெகொஸ்தே அக்கா. ஆசிரியைதான் பேச்சைத் தொடங்கினார்.

"பாட்டி, நீங்க முழு உபவாசமா?"

"ஒருசந்திதாம்மா. காலையில மாத்திர போடணும்லா, ரெண்டு பிஸ்கோத்து தின்னேன். ஆண்டவருக்குத் தெரியும்."

'ஒருசந்தி' என்ற சொல்லை அந்த ஆசிரியை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாராம். கத்தோலிக்கரிடம் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் சொல் அது. நாளில் ஒரே ஒரு முழுச் சாப்பாடு. இறைச்சியை விலக்குவது சுத்தபோசனம். திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் அவர்களுக்குக் கட்டாயம். 18 வயது நிரம்பியதிலிருந்து 60 தொடங்கும்வரைதான் ஒருசந்திக் கடமை. அந்தக் கணக்கில் பாட்டிக்கு விலக்கு கிடைத்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருக்கும். சி.எஸ்.ஐ.யில் லெந்து நாட்களில் நோன்பு அவரவர் மனதுக்கு விடப்பட்டது. பெந்தெகொஸ்தே சபைகளிலோ வாரம் ஒரு நாளாவது உபவாச ஜெபம் இருக்கும், தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள் உண்டு. ஒருவர் ஜெபம் என்பார், மற்றவர் செபம் என்பார். சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபையாருக்குக் கர்த்தர், கத்தோலிக்கருக்கு ஆண்டவர். வயிறு காய்வது மூவருக்கும் ஒன்றுதான். பதினொன்றரைக்கு மேல் அந்த மண்டபத்தில் எல்லா உதடுகளும் ஒரேபோல வறண்டிருந்தன.

இயேசு கற்பித்த ஜெபத்தை எல்லாரும் சேர்ந்து சொல்லச் சொன்னபோது ஒன்று நடந்தது. இரண்டு மொழிபெயர்ப்புகள் ஒரே நேரத்தில் எழுந்தன. ஒரு பக்கம் பிதா, ஒரு பக்கம் தந்தை. கத்தோலிக்கர்கள் முடித்து ஆமென் சொல்லிவிட்டார்கள். மற்றவர்களுக்கு வழக்கமாக இன்னும் ஒரு வரி உண்டு, அவர்கள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரு தரப்பும் சேர்ந்து உழைத்துப் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியத்தைக் கொண்டுவந்தது 1995-இல். ஆனாலும் பாட்டியிடம் கேட்டுப் படித்த சொற்களை நாக்கு எளிதில் விடாது. பிற்பகலில் அதே ஜெபத்தை மறுபடி சொன்னபோது கத்தோலிக்கர்கள் தங்கள் ஆமெனை அடக்கிக்கொண்டு அந்த ஒரு வரிக்காகக் காத்திருந்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்றைய பிரசங்கங்கள் எல்லாவற்றையும்விட எனக்கு அந்தக் காத்திருப்பு பெரிதாகப் பட்டது.

ஊர் கூடி நோன்பிருப்பது வேதாகமத்தில் புதிதல்ல. யோவேல் தீர்க்கதரிசி முதியவர், பால்குடிக் குழந்தை, மணவறையில் இருக்கும் புதுமணத் தம்பதி என்று ஒருவரையும் விடாமல் கூட்டச் சொல்கிறார். நினிவேயில் அரசன் தொடங்கி ஆடுமாடுகள்வரை பட்டினி கிடந்தன. அந்த நினிவே நோன்பைக் கேரளத்துச் சுரியானி மரபினர் இன்றும் 'மூன்று நோன்பு' என்று மூன்று நாள் அனுசரிக்கிறார்கள். அவர்களுக்குள் கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயர் என்று எத்தனையோ வழக்குகள், பூட்டிய கோயில்கள். நோன்பு மட்டும் பொதுவாக நிலைத்திருக்கிறது. அந்தியோகியாச் சபை உபவாசித்து ஜெபித்த பிறகுதான் பர்னபாவையும் பவுலையும் அனுப்பிவைத்தது.

சேர்ந்து ஜெபிப்பதற்கென்றே உலகச் சபைகளுக்கு ஜனவரி 18 முதல் 25 வரை ஒரு வாரம் உண்டு. 1908-இல் அமெரிக்காவில் பால் வாட்சன் தொடங்கியது. 2013-ஆம் ஆண்டு வாரத்துக்கான ஜெபங்களைத் தயாரிக்கும் பொறுப்பு இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கத்திடம் வந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது தலித் மக்களின் துயரம். சபைகளைப் பிரித்துவைப்பது இங்கே கொள்கை வேற்றுமை மட்டுமல்ல, சாதியும்தான் என்று உலகத்தின் முன்னால் எழுதினார்கள். அது துணிச்சல்.

தமிழ்நாட்டில் இந்த ஒற்றுமைத் தாகத்துக்கு வயது அதிகம். 1919 மே மாதம் சபை ஒற்றுமை பற்றிப் பேசத் தரங்கம்பாடியில் கூடிய முப்பத்து மூன்று பேரில் இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள். மிஷனரி சீகன்பால்கு 1706-இல் வந்திறங்கிய அதே கடற்கரை. இந்தப் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, வெளியிலிருந்து எங்கள் மேல் சுமத்தப்பட்டவை, இவற்றைத் தொடர எங்களுக்கு விருப்பமில்லை என்ற பொருளில் அறிக்கை விட்டார்கள். முன்னின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ்.அசரியா, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர். இருபத்தெட்டு ஆண்டுகள் பேச்சும் ஜெபமுமாகப் போயின. 1947 செப்டம்பர் 27-இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்தபோது அசரியா இல்லை. 1945 ஜனவரி 1-இல் காலமாகிவிட்டார்.

வெளியிலிருந்து வந்த பிரிவினையை அவர்களால் அவ்வளவு தெளிவாக எழுத முடிந்தது. உள்ளே இருந்த சாதிப் பிரிவினை அதற்கும் முந்தியது. அதைத் தொட்டபோது வந்த சண்டை ஜெபத்தில் வரவில்லை, பந்தியில் வந்தது. 1847-இல் அமெரிக்க மதுரை மிஷன் தன் உபதேசியார்களைச் சமபந்திக்கு அழைத்தது. யார் சமைத்தாலும் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் உண்ண வேண்டும். அன்பின் விருந்து என்று பெயர். நன்றாக ஜெபம் பண்ணத் தெரிந்த உபதேசியார்கள் பலர் அந்த இலையில் உட்கார மறுத்து, மிஷனிலிருந்து விலக்கப்பட்டார்கள். 1850-இல் சென்னை மிஷனரி மாநாடும் உணவையே உரைகல்லாக வைத்தது. வடக்கன்குளத்தில் இரண்டு சாதிக்கு இரண்டு கையாகப் பிரித்துக் கட்டிய கத்தோலிக்கக் கோயிலுக்குக் கால்சட்டைக் கோயில் என்றே பெயர் விழுந்தது.

அந்த உபதேசியார்களை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சேர்ந்து பட்டினி கிடக்கச் சொல்லியிருந்தால் ஒருவரும் மறுத்திருக்கமாட்டார்கள். பசிக்குச் சமையற்காரர் வேண்டாம், பரிமாறுகிறவர் வேண்டாம். பக்கத்தில் இருப்பவரின் கை நம் சோற்றில் படாது. நோன்பில் ஒன்றாவது எளிது; நோன்பு முடிகிற நிமிஷம்தான் கடினம். ஏசாயாவின் 58-ஆம் அதிகாரத்தில் கடவுள் தமக்குப் பிடித்த உபவாசம் எதுவென்று சொல்லும்போது அடிமைத்தளையை அவிழ்ப்பதையும் பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதையும்தான் சொல்கிறார். நம் கூட்டங்களில் அதை வாசிக்கிறோம், பெரும்பாலும் விளக்குவதில்லை.

மண்டபத்துக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிச் சீமைச் சபைகளில் பிடி அரிசி வழக்கம் உண்டு. உலையில் போடும்முன் ஒரு கைப்பிடி எடுத்து ஊழியத்துக்கென்று தனிப் பானையில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும். நோன்பு முடிக்கிற கஞ்சிக்கு எல்லாச் சபைகளும் பிடி அரிசி சேர்ப்பதென்று பேசி முடித்தார்கள். கடற்கரையிலிருந்தும் வந்தது. யார் காய்ச்சுவது என்ற இடத்தில் கூட்டம் அமைதியானது. காண்ட்ராக்ட் சமையலுக்கு விட்டுவிடலாமே என்றார் ஒரு பெரியவர். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்று எல்லாருக்கும் தெரியும். சி.எஸ்.ஐ. சேகரத்துக்குப் போதகராகப் புதிதாக வந்திருந்த இளம் ஐயர், "காலனிச் சபைப் பெண்கள் காய்ச்சுவார்கள், நான் சொல்லிவிட்டேன்" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை.

இரண்டு மணிக்கு நான் பின்கட்டுக்குப் போனேன். மூன்று அண்டாக்கள். புழுங்கல், பச்சரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒன்றாய்க் கலந்து வந்திருந்ததால் காய்ச்சுகிறவர்களுக்குப் பெரிய பாடு. "பச்ச குழஞ்சு போச்சு, புழுங்கல் இன்னும் நறுக்குன்னு நிக்கி. ஒவ்வொரு வீட்டு அரிசிக்கும் ஒரு வேக்காடுண்ணே" என்றார் அகப்பையோடு நின்ற பெண். அவரும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. உப்புப் பார்க்கக்கூட நாக்கில் வைக்கவில்லை. விறகு தள்ளிக்கொண்டிருந்த சிறுவனைக் கூப்பிட்டு அவன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொன்னார். அம்மியில் காணத் துவையல் அரைந்துகொண்டிருந்தது.

மூன்று மணிக்கு ஆசீர்வாதம் முடிந்தது. கடற்கரைப் பங்குச்சாமியார்தான் முதலில் எழுந்துபோய் அண்டாவுக்கு முன்னால் தட்டை நீட்டினார். அடுத்து பெந்தெகொஸ்தே பாஸ்டர், அடுத்து ஐயர். அவர்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது. பாட்டி இருந்த இடத்துக்கே பெந்தெகொஸ்தே அக்கா ஒரு தட்டு கொண்டுவந்து கொடுத்தார். கஞ்சியில் ஒரு பருக்கை குழைந்தும் ஒரு பருக்கை வேகாமலும்தான் இருந்தது. இரண்டாம் தட்டு கேட்டவர்கள் நிறைய.

எல்லாரும் வரிசைக்கு வரவில்லை. முன்வரிசையில் நாள் முழுக்க முழங்காலில் நின்று மணிப்பூருக்காகக் கண்ணீர் விட்ட பெரியவர் ஒருவர், பாட்டில் தண்ணீரைக் குடித்து நோன்பை முடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். அந்தக் கண்ணீர் பொய்யில்லை, நான் பக்கத்தில் இருந்தேன். மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மனிதருக்காக அழ முடிகிறது. ஐந்நூறு அடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் அடுப்பு தடுத்துவிடுகிறது. இதைக் கோபத்தோடு எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போது துக்கமே மிஞ்சுகிறது.

அவருடைய மனைவி கிளம்பவில்லை. ஜமுக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து நிதானமாகக் குடித்தார், துவையலை விரலால் வழித்தார். பிறகு பின்கட்டுக்குப் போய், அகப்பை பிடித்திருந்த பெண்ணிடம், "வீட்டுக்குக் கொஞ்சம் தருவியாம்மா?" என்று கேட்டார். ஏனம் ஏதும் கொண்டுவரவில்லை. அந்தப் பெண் தன் வீட்டிலிருந்து எடுத்துவந்திருந்த தூக்குச்சட்டியைக் கழுவி, கஞ்சியை நிறைய ஊற்றி, துவையலை மூடியில் வைத்துக் கொடுத்தார். தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் சூட்டைத் தாங்கியபடி, அந்த அம்மா பஸ் நிறுத்தத்தைப் பார்த்து வேகமாக நடந்தார்.