தொழுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது யார்?

சொறி, படை, தேமலுக்குக் களிம்பு விற்கும் கம்பெனிகள் ஏராளம். காசு கொடுத்து வாங்க ஆள் இருப்பதால் ஆராய்ச்சிக்கும் அவையே செலவு செய்கின்றன. தொழுநோயின் கதை வேறு. அது பெரும்பாலும் ஏழைகளைப் பிடிக்கும் நோய். அதில் லாபத்துக்கு வழியில்லை. அப்படியானால் அந்த ஆராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

முதலில் வந்தது தர்மப் பணம். மும்பை வடாலாவில் உள்ள ஆக்வர்த் தொழுநோய் மருத்துவமனை 1890-ம் ஆண்டு பொதுமக்களின் நன்கொடையைக் கொண்டு தொடங்கப்பட்டது. நோயாளிக்குச் சோறு போடவும், புண்ணுக்குக் கட்டுப் போடவும் தர்மம் உதவியது. மருந்து கண்டுபிடிக்க அது போதவில்லை.

இரவல் மருந்துகள்

1982-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கூட்டு மருந்துச் சிகிச்சையில் மூன்று மருந்துகள் உண்டு. அவற்றில் ஒன்றுகூடத் தொழுநோய்க்கென்று தேடிக் கண்டுபிடித்ததல்ல! டாப்சோன், 1908-ல் ஜெர்மனியில் சாய ரசாயன ஆராய்ச்சியில் பிறந்தது. அயர்லாந்தின் டப்ளின் நகரில் குளோபசிமினை உருவாக்கியவர்கள் காசநோயை ஒழிக்கவே முயன்றார்கள். ரிபாம்பிசினும் காசநோய் மருந்துதான்.

மருந்தை இலவசமாக வழங்கப் பணம் வந்த வழியும் விசித்திரமானது. 1995 முதல் 1999 வரை உலகம் முழுவதற்கும் இம்மருந்துகளை வழங்க, ஜப்பானின் நிப்பான் பவுண்டேஷன் 5 கோடி டாலர் கொடுத்தது. அந்த அமைப்பின் வருமானம், மோட்டார் படகுப் பந்தயத்தில் ஜனங்கள் கட்டும் பணத்தில் ஒரு பங்கு. 2000-ல் நோவார்ட்டிஸ் கம்பெனி அந்தப் பொறுப்பை ஏற்றது.

பரேலில் இருந்து செங்கற்பட்டுக்கு

நம் நாட்டில் பெருஞ்செலவு அரசாங்கத்துடையது. மும்பை பரேலில் இருந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், தொழுநோய்க்கு ஒரு தடுப்பூசியை உருவாக்கியது. அந்த நிலையத்துக்குப் பணம் கொடுத்தது மத்திய அரசின் அணுசக்தித் துறை. தடுப்பூசியைச் சோதித்த இடம் நம் செங்கற்பட்டுப் பகுதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சுமார் 1,71,000 பேரிடம் நடத்திய அந்தச் சோதனையின் முடிவு 1998-ல் வெளியாயிற்று. ஒப்பிட்டுப் பார்த்த தடுப்பூசிகளில் மும்பைத் தடுப்பூசி சுமார் 65 சதவீதப் பாதுகாப்புத் தந்து முன்னணியில் நின்றது. ஆனாலும் அது பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை.

அரசாங்கப் பணம் என்றால் யார் பணம்? குமாஸ்தா கட்டும் வருமான வரி. தொழிலாளி வாங்கும் சோப்பின் விலையில் சேர்ந்திருக்கும் வரி. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்கள். வியாபாரிக்கு இதில் அக்கறை இராது. அரசாங்கமும் கையை விட்டால் ஆராய்ச்சி நின்றுவிடும்.

அந்தப் பணத்தின் பலனைப் பெறுவது நம் பொறுப்பு. உடம்பில் வெளிறிய அல்லது சிவந்த படை தோன்றி, கிள்ளினாலும் உணர்ச்சி இல்லையென்றால் உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். மருந்து இலவசம். ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் நோய் குணமாகும். வேலை போய்விடும் என்று அஞ்சி மறைப்பவருக்குத்தான் கடைசியில் விரல் மடங்கிப்போகிறது.